பம்ப் அறையை நான் திறக்கவில்லை

என் மகளிடம் நான் ஒரு பொய் சொன்னேன். அவள் செய்துகொண்டிருந்த கணினி விளையாட்டில் பம்ப் அறை என்று ஓர் இடம் உண்டு. அதை யாருடைய உதவியும் இல்லாமல் நானே யோசித்துத் திறந்துவிட்டதாகச் சொன்னேன். நான் யோசித்துத் திறக்கவில்லை. அடுத்த அறையில் அவள் போனில் வேறொருவருக்கு விடையை விளக்கிக்கொண்டிருந்தபோது ஒட்டுக்கேட்டேன். எழுதிப் பார்த்தால் சின்ன விஷயமாகத்தான் தெரிகிறது. ஆனால் வேலை பார்த்த காலம் முழுக்கக் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் நான். பக்கத்துத் தாளை எட்டிப் பார்த்த மாணவர்களைத் தேர்வு அறையைவிட்டு வெளியே அனுப்பியவன். எழுபது வயதுக்கு மேல் நானே காப்பி அடித்தேன். அதனால் என் மகளின் இரண்டு வருட உழைப்பு வீணாய்ப் போயிற்று.

ஒரு கிழவன் கணினி விளையாட்டுக்குள் எப்படிப் போனான் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மனைவி இறந்த பிறகு சென்னை வீட்டைக் காலி செய்துவிட்டு மானாம்பதிக்கு வந்தேன். பூர்வீக வீடு. நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தேன். எனக்கு அதில் நின்று பழக்கமில்லை. கண்புரை அறுவை ஆன பிறகு சின்ன எழுத்துப் புத்தகங்களைப் படித்தால் தலை வலித்தது. பொழுது போகவில்லை என்று போனில் இரண்டு மூன்று முறை சொல்லியிருப்பேன். ஒரு பொங்கல் விடுமுறையில் வந்த மகள் தன் பழைய லேப்டாப்பை மேசைமேல் வைத்து எதையோ திறந்தாள்.

"கேம் நைனா. சுட மாட்டாங்க, ஓட மாட்டாங்க. நெதானமா பாத்துக்கினு இருக்கலாம். உங்களுக்குன்னே செஞ்ச மாரி கீது."

எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நானும் என் அப்பாவை அப்படித்தான் கூப்பிட்டேன்.

பாயிண்ட் அண்ட் கிளிக் என்று அந்த வகைக்குப் பெயர் சொன்னாள். திரையில் வரைந்த படம் ஒன்று இருக்கும். மவுஸால் ஓரிடத்தைத் தொட்டால் கதையில் வரும் ஆள் அங்கே நடந்து போவார். ஒரு பொருளைத் தொட்டால் அதைப் பற்றி ஏதாவது சொல்வார். சிலவற்றை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளலாம். ஒரு கதவு திறக்காமல் நிற்கும். கையில் இருப்பதையும் காதில் விழுந்ததையும் வைத்து அதைத் திறக்க வேண்டும். இவ்வளவுதான் விளையாட்டு.

அவள் முதலில் கொடுத்தது விண்வெளியில் மிதக்கும் ஒரு சரக்குக் கப்பலைப் பற்றியது. எல்லாரும் இறங்கிப் போய்விட்டார்கள். மின்வேலை பார்க்கும் ஒரு பெண் மட்டும் தூக்கத்திலிருந்து எழுகிறாள். எங்கோ குளிர்நாட்டில் மூன்று பேர் சேர்ந்து செய்தது. முடிவில் ஓடிய பெயர்ப் பட்டியலில் ஒரே பெயர் கதை, ஓவியம், கணினி நிரல், சமையலறை ரோபோவின் குரல் என்று நான்கு இடத்தில் வந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அந்த ஆளை எனக்குத் தெரியும் என்றும் தோன்றியது. கப்பலில் ஒரு கோப்பை கழுவாமல் கிடக்கும். அதைத் தொட்டால், அதில் குடித்தவன் எப்போதும் சர்க்கரையைக் கலக்காமலே விட்டுவிடுவான் என்று அந்தப் பெண் சொல்வாள். கதைக்கு அது தேவையே இல்லை. பெரிய கம்பெனிகள் செய்யும் விளையாட்டுகளையும் மகள் காட்டியிருக்கிறாள். அவற்றில் கோப்பைகள் ஆயிரம் இருக்கும், ஒன்றைப் பற்றியும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

அதன் பிறகு வரிசையாக ஆடினேன். கைவிடப்பட்ட விண்வெளி நிலையம், ஊழியர்கள் காணாமல் போன நிலவுச் சுரங்கம், கடைசி ஆள் மட்டும் மிஞ்சிய தொலைநோக்கிக் கூடம். ஏன் எப்போதும் ஆளில்லாத இடமாகவே இருக்கிறது என்று மகளிடம் கேட்டேன்.

"ஒரு ஆள நடக்க வெச்சு வரையறதுக்கு ஒரு மாசம் ஆவும். மூணு பேரு கூட்டத்துக்கு எங்க போவாங்க? காலியா வுட்டுட்டு, எல்லாரும் செத்துட்டாங்கன்னு கதைய மாத்திக்குவாங்க."

வேலைக்கு ஆள் இல்லாததால் வந்த தனிமை அது. ஆனால் ஆடும்போது அது பற்றாக்குறையாகத் தெரியவில்லை, துக்கமாகவே தெரிந்தது. அசையாத படத்தில் ஒரு குழாய் மட்டும் சொட்டிக்கொண்டிருக்கும். நான் மதியம் முழுக்க அந்தக் குழாய்க்கு எதிரே உட்கார்ந்திருந்திருக்கிறேன். என் வீடும் அந்தக் காலத்தில் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது.

குறைகளும் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆசிரியனுக்கு முதலில் கண்ணில் படுவதே அதுதான். முதல் பாதியை இழைத்து இழைத்துச் செய்திருப்பார்கள், கடைசியில் நேரமோ தெம்போ தீர்ந்துபோய் இரண்டு அறையில் கதையை முடித்துவிடுவார்கள். பன்னிரண்டு பாத்திரங்களுக்கு இரண்டே குரல்கள். தேவையான சாவி இருட்டு மூலையில் எள்ளளவு கிடக்கும், படத்தின் ஒவ்வோர் அங்குலத்தையும் மவுஸால் தடவ வேண்டும். எல்லாவற்றையும்விட மோசம் புதிர்கள். செருப்பு வாரையும் சூப் கரண்டியையும் சேர்த்துக் கட்டினால் காற்றுக்குழாய் திறக்கும் என்று யாருக்குத் தோன்றும்? அதைச் செய்தவருக்கு மட்டும்தான். சின்னக் குழுவில் பக்கத்தில் உட்கார்ந்து "இது எனக்குப் புரியலப்பா" என்று சொல்ல ஆள் இருப்பதில்லை. இருக்கிற இரண்டு பேருக்கும் விடை தெரியும்.

இதை ஒரு சொற்பொழிவாகவே மகளிடம் ஆற்றினேன்.

"உங்க கொஸ்டின் பேப்பர் மட்டும் இன்னாவாம்?" என்றாள். "நீங்க மனசுல இன்னா நெனச்சீங்களோ அத எழுதுனாத்தான மார்க்கு. எத்தினி பேரு அழுதாங்களோ."

சில மாதம் கழித்துச் சென்னையில் பார்த்த மென்பொருள் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தாள். அப்படி ஒரு விளையாட்டைத் தானே செய்யப்போவதாகச் சொன்னாள். கல்யாணத்தை இதற்காகத் தள்ளிப்போடுகிறாள் என்று உறவுக்காரர்கள் பேசினார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டில் இன்னொரு மனித சத்தம் கேட்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

படம் வரைய ஒருவரைப் பிடித்தாள். உத்திரமேரூர் கடைத்தெருவில் பிளெக்ஸ் பேனர் வடிவமைப்பவர், முப்பது வயதிருக்கும். பகலில் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி என்று பேனர் போட்டுவிட்டு, சாயங்காலம் பைக்கில் எங்கள் வீட்டுக்கு வருவார். இசைக்கு மகளின் பழைய சிநேகிதர் ஒருவர், பெங்களூரில் இருந்துகொண்டே செய்துகொடுத்தார். ஆக மூன்று பேர்.

கதை, தண்ணீர் வற்றிய ஒரு கிரகத்தில் நடக்கிறது. நீரேற்று நிலையத்தைக் காவல் காக்க விட்டுவைக்கப்பட்ட ஒரு பெண், கீழே மூன்று குடியிருப்புகளுக்கும் தண்ணீர் அனுப்ப வேண்டும். ஓவியர் சித்திரை வெயிலில் எங்கள் ஏரிக்குள் இறங்கி, வெடித்துக் கிடந்த வண்டலைப் போனில் படம் பிடித்துவந்து கிரகத்தைச் செய்தார்.

"நாசால காமிக்கறதும் இப்டித்தான் கீது சார். நம்ம ஏரில நாலு எரும மட்டும் எக்ஸ்ட்ரா. அத அழிச்சிட்டேன்."

நிலையத்தின் கிழட்டுக் கணினிக்குக் குரல் கொடுக்க ஆள் இல்லாமல் என்னைப் பேச வைத்தார்கள். ஆடி மாதம். நான்கு பக்கமும் அம்மன் கோயில் ஒலிபெருக்கி. ஜன்னலையெல்லாம் சாத்தி, தலைமேல் கம்பளியைப் போர்த்தி, வியர்த்து வழிய "காற்றழுத்தம் குறைகிறது" என்று நான் சொல்ல, கம்பளிக்கு வெளியே ஓவியர் விழுந்து விழுந்து சிரித்தார். "சார், உங்களுக்குத்தான் அழுத்தம் ஏறிக்கினு கீது." நான் பல வருடங்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஏறக்குறைய முடிந்த நிலையில் என்னைச் சோதித்துப் பார்க்கச் சொன்னாள். விடை எதுவும் எனக்குச் சொல்லப்படவில்லை. பதிவு செய்தபோது என் வசனங்களை மட்டும்தான் கொடுத்திருந்தாள்.

"மத்தவங்களாம் சூப்பர்னு சொல்லிட்டுப் போய்டுவாங்க நைனா. நீங்க சொல்ல மாட்டீங்க. தொண்ணூத்தெட்டு வாங்கிக்கினு வந்தா மீதி ரெண்டு எங்கன்னு கேட்ட ஆளு. எங்க மாட்டிக்கிறீங்களோ அத அப்டியே சொல்லுங்க. அதான் எனக்கு வேணும்."

அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். முன்பகுதியை எளிதாகத் தாண்டினேன். ஒவ்வொரு அறை முடியும்போதும் சத்தமாகச் சொன்னேன். ஓவியர் "சார் செம ஸ்பீடு" என்றார். எனக்குள் ஒரு மிதப்பு வந்துவிட்டது. பிறகு பம்ப் அறைக்கு வந்தேன்.

சுவரில் மூன்று கண்ணாடிக் குடுவைகள். சிவப்பு, மஞ்சள், நீலம். சிவப்பும் மஞ்சளும் எரிகின்றன, நீலம் இருட்டாக இருக்கிறது. நடுவில் ஒரு சக்கரம். அதைத் தொட்டால் பொறி பறந்து அந்தப் பெண் கையை உதறிக்கொள்வாள், எல்லாம் அணைந்து மறுபடி முதலிலிருந்து வரும். மூலையில் கவிழ்த்து வைத்த ஒரு பக்கெட். அதைத் தொட்டால் அவள் போய் அதன்மேல் உட்காருவாள். நான் பையிலிருந்த எல்லாவற்றையும் நீலக் குடுவைமேல் முயன்றேன். கம்பி, துணி, எண்ணெய், உப்பு. பக்கெட்டில் உட்காரவைத்து உடனே எழுப்பினேன். பழைய அறைகளுக்கெல்லாம் திரும்பப் போய் வந்தேன். பல நாள் இப்படிப் போயிற்று. சாப்பாட்டின்போது அவள் "எங்க கீறீங்க?" என்று கேட்டால், நிதானமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பேன். மாட்டிக்கொண்டேன் என்ற ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. அவள் கேட்டதே அந்த வார்த்தையைத்தான்.

ஒரு நாள் காலை அவள் அடுத்த அறையில் போனில் பெங்களூர்க்காரரிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"இல்லப்பா, அங்க ஒண்ணுமே பண்ணக்கூடாது. பக்கெட்டு மேல உக்கார வெச்சிட்டு மவுஸ்ல இருந்து கைய எடுத்துடணும். மூணாவது லைட்டு தானா வரும். எங்க ஊர்ல மோட்டாருக்கு அப்டித்தான் உக்காந்துக்கினு இருப்பாங்க, த்ரீ பேஸ் வர்ற வரைக்கும். ஒரு லைட்டு இல்லாம போட்டா காயில் எரிஞ்சிடும். எல்லா கேம்லயும் எதனா பண்ணிக்கினே இருக்கணும். இதுல ஒரே ஒரு எடத்துல சும்மா இருக்கணும். அந்த நேரத்துக்குத்தான் உன்கிட்ட மியூசிக் கேட்டேன்."

நான் நாளிதழைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லையும் கேட்டேன். எழுந்து வெளியே போயிருக்கலாம். உள்ளே போய் "கேட்டுவிட்டேன்" என்று சொல்லியிருக்கலாம். அவள் பேசி முடித்துப் பின்கட்டுக்குப் போகும்வரை காத்திருந்து, லேப்டாப்பைத் திறந்து, பெண்ணைப் பக்கெட்டில் உட்காரவைத்து, கையை மடியில் வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் நீலம் எரிந்தது. மகளைக் கூப்பிட்டேன். ஈரக் கையோடு ஓடிவந்தாள்.

"நீங்களேவா?"

"நானேதான்."

"மாட்டிக்கலயா?"

"கொஞ்ச நேரம். யோசிச்சா தெரியும்."

அவள் முகத்தில் அப்போது வந்த மலர்ச்சியை நான் மறக்க முடியாது. "நான் பயந்துக்கினே இருந்தேன் நைனா. அந்தப் பொண்ணு ஒரு வார்த்த சொல்ற மாரி வெக்கலாமான்னு. 'ஒரு லைட்டு வரல, வர்ற வரைக்கும் உக்காரலாம்'னு. வெக்கட்டுமா?"

"வேண்டாம். சொன்னா கெட்டுப்போகும்," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை அப்போதே அறிந்திருந்தேன். அந்த வரி இருந்தால் யார் வேண்டுமானாலும் திறப்பார்கள். அது இல்லாமல் திறந்தவன் என்ற பெயர் எனக்கு இருக்காது. சாயங்காலம் செய்தியைக் கேட்ட ஓவியர், "சாரே பண்ட்டாரா? அப்ப பச்சக் கொயந்த கூட பண்ணிடும்கா," என்றார். எல்லாரும் சிரித்தோம்.

விளையாட்டு இணையக் கடையில் வெளியானது. முதல் சில நாள் நல்ல வார்த்தைகள் வந்தன. ஓவியங்களைப் பலர் புகழ்ந்தார்கள். கம்பளிக்குள் பேசிய என் குரலைக்கூட ஒருவர் பாராட்டியிருந்தார். பிறகு ஒவ்வொருவராகப் பம்ப் அறைக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கேயே நின்றார்கள். எழுதினார்கள். இது புதிரா, பிழையா? நீலக் குடுவை வேலை செய்யவில்லை. செய்தவர்களே ஆடிப் பார்த்தார்களா? காசைத் திரும்பப் பெற்றுக்கொண்டு போனார்கள். விடையைத் தற்செயலாகக் கண்டுபிடித்தவர்கள் இன்னும் கோபமாக இருந்தார்கள். ஒன்றும் செய்யாமல் இருப்பது எப்படி விடையாகும் என்று கேட்டார்கள்.

மகள் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் போட்டாள். அறையை மாற்றவில்லை. மாற்றாததற்குக் காரணம் நான். அவள் எழுதினாள்: என் அப்பா எழுபது வயதைத் தாண்டியவர், எந்த உதவியும் இல்லாமல் இந்த அறையைத் திறந்தார். அதன் கீழே ஒருவர் எழுதினார்: அப்படியானால் உங்கள் அப்பாவுக்கே விற்றுக்கொள்ளுங்கள். இன்னும் பலர் அதற்குச் சிரிப்பு முகம் போட்டிருந்தார்கள்.

விளையாட்டுகளை ஆடி அதை வீடியோவாகப் போடும் தமிழ் இளைஞர் ஒருவர் இதை எடுத்து ஆடினார். மகள், ஓவியர், நான் மூவரும் உட்கார்ந்து பார்த்தோம். பம்ப் அறையில் அவர் படாத பாடு பட்டார். "யக்கா, எந்திரி யக்கா. உலகமே தண்ணி இல்லாம சாவுது, உனக்கு பக்கெட்டு கேக்குதா?" என்று அந்தப் பெண்ணைத் திட்டினார். கடைசியில் அலுத்துப்போய் அவளை உட்கார்ந்தபடியே விட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போனார். காலி நாற்காலி. அப்போது பெங்களூர்க்காரரின் இசை மெல்ல ஆரம்பித்தது. விளையாட்டிலேயே சிறந்த இசை அதுதான். அதுவரை வெளியாள் யாரும் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. நீலக் குடுவையின் அடியில் லேசாக ஒளி ஊறத் தொடங்கியது. மகள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து நின்றாள். அந்த இளைஞர் திரும்பி வந்து உட்கார்ந்தார். "தொடாத," என்றாள் மகள் திரையைப் பார்த்து. "டேய், தொடாதடா." பழக்கத்தில் அவர் விரல் ஒரு முறை அழுத்தியது. பெண் எழுந்துவிட்டாள். இசை நின்றது. "சரி மக்களே, இது பேஜார் புடிச்ச கேமு," என்று சொல்லி அவர் மூடிவிட்டார்.

ஓவியர் பைக் சாவியை எடுத்துக்கொண்டு சொல்லாமல் கிளம்பிவிட்டார். அன்றைக்காவது நான் சொல்லியிருக்க வேண்டும். மகள் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"உங்களுக்கு எப்டித் தோணுச்சு நைனா? அது தெரிஞ்சா அவங்களுக்கு இன்னா கொறயுதுன்னு புரியும்."

மும்முனை மின்சாரம் பாடம் நடத்தியவன் அல்லவா, மூன்று விளக்கைப் பார்த்ததும் புரிந்துவிட்டது என்றேன். முதல் பொய்யைவிட இது கெட்டது. உண்மையில் பாடம் நடத்தியிருக்கிறேன், கரும்பலகையில் மூன்று அலைகளை வரைந்திருக்கிறேன். ஆனால் எங்கள் சொந்த வயலின் மோட்டார் கொட்டகையில் ஒருமுறைகூட மின்சாரத்துக்காக உட்கார்ந்ததில்லை. அந்தக் குடுவைகளைப் பார்த்தபோது எனக்கு எதுவும் நினைவுக்கு வரவில்லை. அவள் என் பதிலை நம்பி, எங்கே குறை என்று தெரியாமல் இன்னும் சில வாரம் தேடிக்கொண்டிருந்தாள்.

விற்பனை நின்றுபோயிற்று. ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இலையை மடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். அன்று அமாவாசை, வாழை இலை போட்டிருந்தோம்.

"வேலைக்கே போய்டலாம்னு கீறேன் நைனா. என் தலைல இருக்கறது யாருக்கும் போய்ச் சேரல. உங்க ஒருத்தருக்குத்தான் சேந்துது. செரி, அது போதும்."

அது போதும் என்று அவள் சொன்னதைத் தாங்க முடியவில்லை.

"எனக்கும் சேரலம்மா," என்றேன். "நீ போன்ல சொன்னதக் கேட்டுட்டேன். அதுக்கு முன்னாடி நாள் கணக்கா மாட்டிக்கினு இருந்தேன்."

அவள் இலையில் மிச்சமிருந்த மோர்ச்சோற்றை விரலால் ஒதுக்கினாள்.

"அந்த லைன் வெக்கட்டுமான்னு கேட்டேனே. வேணாம்னு சொன்னீங்க."

"ஆமா."

"அது ஏன்?"

இங்கே மேலே எழுதியிருக்கிறேனே, அதை அவள் முகத்துக்கு நேரே சொல்ல வரவில்லை. அவளே புரிந்துகொண்டிருப்பாள். இலையை மடித்து எடுத்துக்கொண்டு எழுந்துபோனாள். அதைக்கூடத் தப்பான பக்கம் மடித்திருந்தாள்.

செய்த கெடுதலைச் சரிசெய்ய வேண்டும் என்று எனக்குப் பரபரப்பாக இருந்தது. அவளிடம் கேட்காமல் ஒரு காரியம் செய்தேன். விளையாட்டின் கருத்துப் பக்கத்தில் நானே எழுதினேன். அந்த அப்பா நான்தான், விடையை ஒட்டுக்கேட்டுத்தான் திறந்தேன், குறிப்பு வைக்கவா என்று கேட்டவளை வேண்டாம் என்று தடுத்ததும் நான்தான், குற்றம் அவள்மேல் இல்லை. பிறகு அங்கே மாட்டிக்கொண்டதாக எழுதிய ஒவ்வொருவரையும் தேடித் தேடி விடையைச் சொன்னேன். சிலர் நன்றி சொன்னார்கள். பலர் அதற்குள் விளையாட்டையே அழித்திருந்தார்கள்.

ஓவியர்தான் அதைப் பார்த்து அவளுக்குக் காட்டியிருக்கிறார். அவள் என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"மன்னிப்புன்னா எங்கிட்ட கேட்டா போதும் நைனா. ஊருக்கெல்லாம் எதுக்கு? நேத்து வரைக்கும் நான் ஒரு மோசமான கேம் செஞ்சவ. இன்னிக்கு அப்பன் பேச்சக் கேட்டு ஏமாந்தவ. அங்க போய்ப் பாருங்க, இன்னா சிரிப்புன்னு."

போய்ப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. நான் அதை அழித்தேன். அழிப்பதற்குள் யாரோ அதைப் படம் எடுத்து வேறிடத்தில் போட்டிருந்தார்கள். அதில் என்னை நல்ல மனிதர் என்று சிலர் எழுதியிருந்தார்கள். அதைப் படித்தபோதுதான் எனக்கு என்மேல் மிகவும் வெறுப்பாக இருந்தது.

அந்த வாரமே அவள் அந்த ஒரு வரியைச் சேர்த்தாள். கதாநாயகியின் குரல் அவளுடையதுதான். ஜன்னலைச் சாத்திக்கொண்டு தனியாகக் கம்பளிக்குள் உட்கார்ந்து ஒரே முறையில் பேசி முடித்தாள். "ஒரு லைட்டு வரல. வர்ற வரைக்கும் உக்காரலாம்." இப்போது ஆடுகிறவர்கள் அந்த அறையைத் தாண்டிவிடுகிறார்கள். சிலர் அந்த இடம்தான் பிடித்தது என்றுகூட எழுதுகிறார்கள். ஆனால் முதல் சில வாரங்களில் வந்துபோன கூட்டம் திரும்பவில்லை. அந்தக் கடையில் தினமும் புதிய விளையாட்டுகள் வந்து விழுகின்றன. பழையது எங்கே போயிற்று என்று யாரும் தேடமாட்டார்கள். அவளிடம் இருந்த ஒரே வாய்ப்பு அந்த முதல் வாரங்கள்தான். 'மாட்டிக்கொண்டேன்' என்ற ஒரு வார்த்தையை வாய்க்குள்ளேயே அடைத்து வைத்து நான் அதைக் கெடுத்தேன்.

அவள் மறுபடி சென்னையில் வேலைக்குச் சேர்ந்தாள். மாதம் ஒருமுறை வருகிறாள். மாத்திரை, கண் சொட்டு மருந்து எல்லாம் வாங்கி வருகிறாள். என்னிடம் முகம் சுளித்ததே இல்லை. விளையாட்டுகளைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை. நான் எடுத்தால், அடுப்பில் ஏதோ வைத்ததுபோல எழுந்து போய்விடுகிறாள்.

போன மாதம் உத்திரமேரூரில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஓவியரைப் பார்த்தேன். டீ வாங்கிக் கொடுத்தார். கண்கள் சிவந்திருந்தன. பேனர் வேலை அதிகமா என்று கேட்டேன்.

"அதெல்லாம் இல்ல சார். புது கேமுக்கு ஒரு விண்கலம் வரஞ்சிக்கினு கீறேன். அதுல ஜன்னலே எழுவது வருது, பெண்டு நிமிருது," என்றவர் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். "சார், நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. அக்கா சொல்ல வேணாம்னு சொல்லிச்சு."

"சொல்லமாட்டேன். ஆடிப் பாக்க யாரு இருக்காங்க?"

"யாரோ நாலு பேரு சார். காசு குடுத்து வெச்சிக்கீது. அவங்க மூஞ்சி கூட அக்காக்குத் தெரியாது. அதான் நல்லதாம்."

டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் மகள் போன் செய்தாள். மழை வந்ததா என்று கேட்டாள். நான் புதுசா ஏதாவது செய்கிறாயா என்று கேட்டேன்.

"இல்ல நைனா," என்றாள். "ஆபீஸ் வேலையே சரியா கீது."

"சரிம்மா."

"மாத்திர போட்டுக்கினீங்களா?"

போட்டுக்கொண்டேன் என்றேன். உண்மையாகவே போட்டுக்கொண்டிருந்தேன்.